உரலின் மேல் ஒலிப்பெட்டி

லாரி ஏறிய நாளில் எல்லோரும் சன்னாசியைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்கு ரப்பர்த் தோட்டத்துச் சோறு போய்விடக் கூடாதென்று, அங்கங்கே கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே கம்பி வேலிக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டது சர்க்கார். அதற்கு ஒரே நாள்தான் கெடு. அவரவர் சட்டி, பெட்டி, கோழி என்று திணித்துக்கொண்டிருக்க, இந்த மனுசன் மட்டும் கல் உரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுப்புப் பத்த வைக்கவே ஆளில்ல. உரல் எதுக்குண்ணே? நீங்க இடிக்கப் போறீங்களா?" என்றான் அடுத்த வீட்டு முனியாண்டி.

எல்லோரும் போன பிறகு, கடைசி லாரியில் சன்னாசி அதை ஏற்றிவிட்டார். அது அவர் மனைவி பஞ்சாலையின் உரல். அவள் காய்ச்சலில் போய் இரண்டு வருசம் ஆகிறது. குழந்தை குட்டி கிடையாது. பழைய லயத்தில் அது வாசலில் கிடந்தது. பஞ்சாலை போன பிறகும் பெண்கள் மாவு இடிக்க வந்து, ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டுத்தான் போவார்கள். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுவிட்டு வருகிறவருக்கு அந்தப் பேச்சுச் சத்தம்தான் துணை.

புதிய வீட்டில் வாசலெல்லாம் சேறு. உரலை உள்ளே உருட்டிவைத்தார். அளந்து கொடுக்கிற அரிசியில் யார் மாவு இடிக்கப் போகிறார்கள்? ஒருத்தரும் வரவில்லை. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டால் அப்புறம் அவரும் நாலு சுவரும்தான். தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை, சண்டை போடக்கூட ஆளில்லாத தனிமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் டவுனுக்குப் போய், ஜபருல்லா கடையில் பேட்டரி ரேடியோவும் அதோடு மாட்டுகிற தனி ஒலிப்பெட்டியும் வாங்கினார். பாட்டு கேட்கவாவது யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்ற ஆசைதான். பாட்டின் மேல் அவருக்கு ஒன்றும் அவ்வளவு பித்து கிடையாது.

"பெட்டியத் தரையில வச்சிராதீங்கண்ணே, சத்தம் காலடியிலயே சுத்தும்," என்றார் ஜபருல்லா. "உக்காந்தா காதுக்கு நேரா வரணும். ஆடக் கூடாது. பாக்கவும் லட்சணமா இருக்கணும்லா, நாலு பேர் வந்து போற வீடு!"

நாலு பேர் வந்து போற வீடு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சன்னாசி அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முதலில் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அதன் மேல் பெட்டியை வைத்தார். மிருதங்கம் அடிக்கும்போதெல்லாம் டின்னும் கூடவே கடகடத்தது. தேயிலைப் பெட்டியில் வைத்தால் பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். முக்காலிக்கு ஒரு கால் குட்டை. சத்தம் கூட்டியதும் தைதை என்று ஆடி ஓரத்துக்கே வந்துவிட்டது. "அட சனியனே!" என்று பெட்டியைத் தாவிப் பிடித்தார்.

அப்போதுதான் மூலையில் கிடந்த உரல் கண்ணில் பட்டது. குழியின் மேல் பலகை போட்டு, அதன் மேல் புகைக்கூடத்தில் கழித்த ரப்பர் துண்டை விரித்து, பெட்டியை வைத்துத் திருகினார். அம்மாடி! குரல் கண்ணாடியாக வந்தது. கல் அசையவில்லை, அதிரவில்லை. பாயில் உட்கார்ந்தால் சரியாகக் காதுக்கு நேர்.

லட்சணம்தான் குறைச்சல். டிரங்குப் பெட்டியிலிருந்து பஞ்சாலையின் மயில்கழுத்துச் சேலையை எடுத்து, கொசுவம் வைத்து உரலைச் சுற்றிக் கட்டினார். அழகென்றால் அழகு!

தினமும் வேலை முடிந்து, புகை நாற்றம் போகக் குளித்துவிட்டு வருவார். ரேடியோவின் முள் தெரிவதற்காகப் பக்கத்தில் விளக்கை ஏற்றிவைத்து, கதவை விரியத் திறந்து, பாயில் ஓரமாக உட்காருவார். மற்ற இடமெல்லாம் வருகிறவர்களுக்கு.

ஒரு ஈ காக்கை வரவில்லை. முனியாண்டி கதவுக்கு நேரே வந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி போனான். பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் தாய்மார் அதட்டி இழுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் ஓடியது. நான் இவர்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்?  சன்னாசிக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது முனியாண்டியின் மனைவி தாயம்மா வந்தாள். ஈரத் தலை. கையில் இலை நிறையக் கதம்பம். வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வா தங்கச்சி! உக்காரு, பாட்டு கேளு!" என்று பதறி எழுந்தார் சன்னாசி.

"வேணாண்ணே. இந்தப் பூவ மட்டும் அக்காவுக்கு வச்சிருங்க."

"எந்த அக்காவுக்கு?"

தாயம்மா சேலை கட்டிய உரலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பூவும் பொட்டுமா போனவங்க. நீங்க சேல சாத்தி, வெளக்கேத்தி, குளிச்சிட்டு வந்து உக்காந்து பாட்டு போட்டுக் காட்டுறீங்க. சுத்தபத்தம் இல்லாம நாங்க எப்படிண்ணே உள்ள வர்றது? எங்க வீட்டுக்காரரு கள்ளு குடிச்சா இந்தப் பக்கமே வர்றதில்ல."

சன்னாசிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஞ்சாலையைப் பூவாடைக்காரி என்ற வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார் என்றல்லவா லயமே ஒதுங்கிப் போயிருக்கிறது!

"ஐயோ, அது உரல் தாயம்மா! பெட்டி ஆடக் கூடாதுன்னு வச்சேன்!"

"உரலா?" அவள் கண் விரிந்தது. "அக்கா உரலா? அத அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்கன்னுல்ல நெனச்சோம்! பலகாரத்துக்கு அரிசிய ஊறப் போட்டுட்டு, எங்க போய் இடிக்கிறதுன்னு எல்லாரும் முழிச்சிட்டிருக்கோம்!"

சன்னாசி பெட்டியை இறக்கித் தரையில் வைத்தார். சேலையை அவிழ்த்து மடித்தார். கதவோரத்துக்கு உரலை உருட்டி வருவதற்குள் உலக்கையும் முறமுமாகப் பெண்கள் வந்துவிட்டார்கள். வீடு நிறைந்துபோனது. இடி, சிரிப்பு, மாவுப் புழுதி, யார் வீட்டு வம்போ. தரையில் கிடந்த ரேடியோ முனகிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. இந்த இரைச்சலில் அது எதற்கு என்று சன்னாசி எழுந்து போய் அதைத் திருகி அணைத்தார்.

தாயம்மா உலக்கையை நிறுத்தினாள். மடித்த சேலையின் மேல் கதம்பம் இருந்ததைப் பார்த்தாள்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?" என்றாள். "அக்கா கேட்டுக்கிட்டிருந்தாங்கல்ல?"