பிப்ரவரி முப்பதுக்கு வட்டி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் இனி என் தேநீரில் கற்கண்டு கரையாமலே போகட்டும்.

எங்கள் துறைமுகத்துச் சேமிப்பு வங்கி கடனுக்கு வட்டி போடும் முறை எளிது. எல்லா மாதத்துக்கும் முப்பது நாள். முப்பத்தொன்றாம் தேதிக்கு வட்டி கிடையாது; பிப்ரவரிக்கு மட்டும் இல்லாத நாளுக்கும் உண்டு. ஹப்போவைத் தவிர வேறு யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

ஹப்போவும் அவர் தம்பி வியார்டும் படகு எஞ்சினுக்காக இருவர் பெயரிலும் வாங்கிய கடன் அது. ஜாமீன் நான். வாங்கிய வருடமே நடுக்கடலில் எஞ்சின் நின்று, வியார்டைக் கடல் கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி ஹப்போ வங்கிக்குப் போய், மேலாளர் தேடாவின் மேசைமுன் நின்றார்.

"ஏம்மா தேடா, இருபத்தொம்பது, முப்பது ரெண்டுக்கும் சேத்துத்தானே வட்டி வாங்குற?"

"ஆமாண்ணே, கணக்கு அப்படித்தான்."

"காசு குடுத்தாச்சு. அந்த ரெண்டு நாளு எங்க?"

தேடா சிரித்துவிட்டாள். "எடுத்துக்கிட்டுப் போங்களேன், யாரு வேணாங்குறா?"

மேலாளரே சொன்னபிறகு வேறென்ன வேண்டும்? மறுநாள் நாங்களெல்லாம் மார்ச் ஒன்றில் கண்விழித்தோம். ஹப்போ பிப்ரவரி இருபத்தொன்பதில் விழித்தார்.

ஜாமீன்காரனுக்கு அந்த நாட்களுக்குள் போக உரிமையில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்தேன். கடல் ஏறவுமில்லை, வடியவுமில்லை. கடற்பறவைகள் வானத்தில் அப்படியே நின்றன. தேவாலயக் கடிகாரத்தில் முள்ளே இல்லை. எதிர்வீட்டு அடுப்படியில் ஹப்போவுக்கு எதிரே ஒருவன் தலையில் நீர் சொட்டச்சொட்ட உட்கார்ந்திருந்தான். கடன் பத்திரத்தில் அவன் கையெழுத்தும் இருக்கிறதல்லவா?

"எஞ்சினுக்கு எண்ணெ மாத்துனியாண்ணே?"

"நீ மாத்தலன்னுதானடா அது நின்னுச்சு."

"செத்தவன்கிட்டயுமா சண்ட?"

"டீயக் குடிடா. தரையெல்லாம் நனைக்காத."

அதன்பின் ஹப்போ கடனின் அசலைத் தொடவே இல்லை. கடன் தீர்ந்தால் தம்பியும் தீர்ந்துபோவான். வட்டியை மட்டும் கட்டிவிட்டு, வருடாவருடம் அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருந்தார். லீப் வருடத்தில் ஒரே நாள்தான். அந்த வருடம் முழுக்க எல்லோரிடமும் எரிந்துவிழுவார்.

பிறகொரு பிப்ரவரியில் தேடா சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒங்களுக்கு லாபம்ணே. மார்ச் ஒண்ணுலருந்து காலண்டர்ல இருக்குற நாளுக்கு மட்டுந்தான் வட்டி."

ஹப்போவின் முகம் வெளுத்தது. "பழைய மாதிரியே போடும்மா. கூடக் கேட்டாலும் தர்றேன்."

"வட்டியக் கொறைன்னு அழுறவங்களத்தான் பாத்திருக்கேன். கம்ப்யூட்டர் கேக்காதுண்ணே."

"அப்ப இந்த பிப்ரவரி?"

"இதுதான் கடைசி."

"சரி," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மார்ச் ஒன்று காலையில் நான் போனபோது ஹப்போவின் கதவு திறந்து கிடந்தது. தரையெல்லாம் உப்புநீர். மேசைமேல் இரண்டு கோப்பைகள், இன்னும் சூடாக. போதும் என்றால் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டுவைப்பது எங்கள் வழக்கம். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்போம். இரண்டு கோப்பையிலும் கரண்டி இல்லை.

அன்றுமுதல் ஹப்போவை யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மார்ச் ஒன்றும் வங்கியின் தபால் பெட்டியில் இரண்டு நாள் வட்டி சரியாகக் கிடக்கிறது. சில்லறையாக, ஈரமாக, மணலோடு. அதை எந்தக் கணக்கிலும் வரவு வைக்க முடியாமல், "ஜாமீன் நீங்கதானே, நீங்களே வச்சுக்கோங்க," என்று தேடா என்னிடம் தந்துவிடுகிறாள். ஜாம் ஜாடியில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு நாணயம்கூடக் காயவில்லை.