விஜயகலா ஊற்றிய தண்ணீர்

1

இந்தக் கதையை நான் திருடினேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். றக்வானையிலிருந்து பெல்மதுளைக்கு வந்த பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள் அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடிக்கொண்டு வந்தார்கள். "மாரியம்மன் கும்பிடுறவ குடுத்த ஞானஸ்நானம் எப்புடிங்க செல்லும்?" என்றாள் ஒருத்தி. கேட்டுக்கொண்டே இருந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். பாதி அவர்கள் சொன்னது, மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மீட்புக்கு ஞானஸ்நானம் அவசியமா என்ற கேள்வி திருச்சபையில் நூற்றாண்டுகளாக..."

வேண்டாம். நானே கொட்டாவி விடுகிறேன்.

இரண்டாவது: "மலையெல்லாம் பனி மூடி..."

பனிக்கு இங்கே என்ன வேலை? நேரே வேனில் ஏறுவோம்.

3

காலை பத்து மணி. நஜீப்பின் வேன் வளைவு வளைவாக இறங்குகிறது. பின்சீட்டில் ஸ்டெபானி, ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. புருஷனுக்குக் கொழும்பில் வேலை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயகலாதான் துணைக்கு ஏறினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே பெண்பிள்ளை பிறந்துவிட்டது. நீலம் பாரித்த உடம்பு. விஜயகலா முதுகைத் தேய்த்தாள், தேய்த்தாள். அழுகையே இல்லை.

"அக்கா, தண்ணி ஊத்துங்க. ஞானஸ்நானம் இல்லாம எம்புள்ள போயிரக் கூடாது."

"நான் மாரியம்மன் கும்பிடுறவ, வேதக்காரி இல்லியே புள்ள. நான் எப்புடிக் குடுக்கிறது?"

"யாரும் குடுக்கலாம்க்கா. எனக்குக் கையத் தூக்க முடியல. நான் சொல்றத அப்புடியே சொல்லுங்க."

நஜீப் வேனை ஓரங்கட்டித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். "ஊத்துங்க அக்கா, நேரமில்ல!"

[ஸ்டெபானி சொன்னது சரிதான். ஆபத்து நேரத்தில், திருச்சபை செய்வதையே செய்யும் எண்ணத்தோடு, ஞானஸ்நானம் பெறாதவர்கூடக் கொடுக்கலாமாம். இதைப் படித்ததும் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.]

"ஜெனிட்டா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

பிள்ளைக்கு வைத்த பெயரையும் சேர்த்து ஸ்டெபானி சொல்லித்தர, விஜயகலா அப்படியே சொல்லி மூன்று தரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மூன்றாம் தரம் பிள்ளை விக்கியது. பிறகு வீறிட்டது! விஜயகலா பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து முந்தானையால் சுற்றினாள். நஜீப் ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் வேனை விரட்டினான்.

(தேய்த்ததாலா, தண்ணீர் பட்டதாலா, வேறெதனாலாவதா? நான் எந்தப் பக்கமும் சாயப்போவதில்லை.)

4

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை வீடு வந்தது. கூடவே பிரச்சினையும். ஜெபக் கூட்டத்து லூர்தம்மா, "சாமியார் திரும்பக் குடுக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஞானஸ்நானம் ஒருக்காத்தான். வேன்ல குடுத்ததே செல்லும்" என்றார் பங்குச் சாமியார் ஃபாதர் ஜெறோம். மீதிச் சடங்குகளை மட்டும் செய்து, பதிவேட்டில் 'கொடுத்தவர்' என்ற இடத்தில் விஜயகலாவின் பெயரை எழுதினார்.

கோயிலே கைதட்டிய...

இல்லை, யாரும் தட்டவில்லை. லூர்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இங்கேயே நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். விஜயகலா விடவில்லை.

5

எல்லாரும் போனபின் கேட்டாள்: "ஃபாதர், இது இல்லாம மோட்சம் இல்லன்னா, எம்புள்ள எங்க?"

மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய மகன் பிறக்கும்போதே செத்துப்போனான். பேர்கூட வைக்காமல் புதைத்துவிட்டார்கள்.

ஃபாதருக்காக மூன்று பதில் எழுதி அழித்தேன். நான்காவது இது:

"இதுதான் வழின்னு சபை சொல்லுது, தங்கச்சி. கடவுளுக்கு வேற வழி தெரியாதுன்னு சொல்லல. உங்க மகன் அவர்கிட்டதான் இருக்கான்னு நம்புறேன். எனக்கு நிச்சயமாத் தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப, அவன் பேரையும் பூசையில சொல்வீங்களா?"

"சொல்றேன். பேரு என்ன?"

இத்தனை நாளில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள்.

விஜயகலாவும் ஞானஸ்நானம் பெற்றாளா? பெற்றதாக ஒன்று, பெறாததாக ஒன்று, இரண்டு முடிவு எழுதினேன். பஸ்ஸில் வந்த பெண்களுக்கு ஆளுக்கொன்று பிடித்திருக்கும். இரண்டையும் கிழித்துவிட்டேன். மகனின் பெயரையும் இங்கே எழுதமாட்டேன்; அது அவளுடையது. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் உட்காருங்கள். இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது, ஒரு பெயருக்கு மட்டும் ஒருத்தி தலை நிமிர்வாள்.