களவாவின் வாய்க்குப் பின்னால்

கடலுக்கடியில் படமெடுக்கிறவர்கள் அவளை ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேமராவுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும் கெட்டிப் பெட்டிகளைப் முக்குளிப்புச் சாமான் கடையொன்றில் உட்கார்ந்து பழுது பார்ப்பது அவள் வேலை. அந்தப் பெட்டியின் உயிரே மூடியைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் வளையத்தில்தான் இருக்கிறது. ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், கேமரா காலி. வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவியே ஒட்டியிருப்பது முடியா மணலா என்று சொல்லிவிடுவாள்.

இரண்டு வருஷம் முன்புவரை அவளும் இறங்கிப் படமெடுத்தவள்தான். ஒருநாள் ஜலதோஷத்தோடு, சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கினாள். பாதி ஆழத்தில் இடது காதுக்குள் என்னவோ பிய்ந்தது. மேலே வந்தபோது படகும் வானமும் பம்பரமாய்ச் சுற்றின. தலைசுற்றல் மூன்று மாதத்தில் நின்றது. அந்தக் காது மறுபடி கேட்கவில்லை. மிச்சமிருக்கும் காதையும் இழக்க ஆசையிருந்தால் தாராளமாகப் போங்கள் என்று காது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் புருஷன் அதே கடையின் பின்கட்டில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புகிறவன், ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய் வருகிறவன். வீட்டில் அவன் கடலைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. காய்கறி விலை, மாடிவீட்டுக் குழாய் ஒழுகல், மச்சான் மகள் கல்யாணம் எல்லாம் பேசுவான். புண்ணைக் கிளறக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் எதிரே சாப்பிடுகிறவன் தலையிலிருந்து உப்பு வாசனை வரும்போது அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவள் ஏங்கியது மொத்தக் கடலுக்காக அல்ல, ஒரு பொந்துக்காக. பதினெட்டு மீட்டர் ஆழத்தில், பவளப்பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருந்தது அது. அதில் ஒரு இறாலும் விரல் நீள மீனும் சேர்ந்து குடித்தனம். இறாலுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. நாளெல்லாம் மணலை வாரி வாரி வெளியே தள்ளும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் மீசை ஒன்று மீனின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். மீனின் வால் லேசாக நடுங்கினால் போதும், இரண்டும் உள்ளே. அவற்றை மிரட்டாமல் மூச்சுவிடவே அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அதன்பின் ஒரு சிலிண்டர் காற்று தீரும்வரை முன்னால் குப்புறக் கிடப்பாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் பல் டாக்டர் வந்தார். மனுஷருக்குக் கடலுக்குள்ளும் வாய்தான். பெரிய களவா மீன் ஒன்று வாயைப் பிளந்து நிற்க, சின்ன இறால்கள் உள்ளே புகுந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும். ஒரு வருஷமாக அந்த ஒரே வாயைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். தன் நோயாளிகளில் ஒருவர்கூட அப்படி அசையாமல் இருப்பதில்லை என்பது அவர் தீராத குறை. இப்போது படங்களின் மூலையில் மங்கலாக வருகிறது, பெட்டிக்குள் ஈரம் புகுந்துவிட்டதோ என்று பயந்து வந்திருந்தார்.

அவள் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். முந்நூறு படம், முந்நூறும் களவாவின் வாய். மூலையில் இருந்தது ஈரமல்ல, கிளம்பிய மணல். எங்கிருந்து கிளம்புகிறது என்று பெரிதாக்கினாள். வாய்க்குப் பின்னால், நிழல் மாதிரி, ஓர் ஆள் மணலில் குப்புறப் படுத்திருந்தான். இடது கால் துடுப்பில் மஞ்சள் ஒட்டு. போன மாதம் புருஷனுக்கு அவளே ஒட்டிக் கொடுத்தது.

முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே முப்பத்தோரு நிமிஷம். அவன் இடம்விட்டு நகரவேயில்லை. முகம் அந்தப் பொந்தைப் பார்த்திருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. புருஷனை வேறு வீட்டு வாசலில் பார்த்துவிட்டது போல நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது.

"அவரு எப்பவும் அங்கதான் போய்ப் படுத்துக்குவாரு," என்றார் பல் டாக்டர். "தூங்குறாரோன்னு நினைச்சேன்."

பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். காற்றடிக்கும் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"அது இன்னும் இருக்கா?"

எது என்று அவன் கேட்கவில்லை. "இருக்கு."

"எத்தனை நாளா போறீங்க?"

"நீ வர்றத நிறுத்தினதுலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லலையே எங்கிட்ட."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "உங்கிட்ட சொல்லணும்னுதான் போறேன். கீழ இருக்கறப்ப எல்லாத்தையும் வரிசையா மனசுல அடுக்கி வெச்சுக்குவேன். வீட்டுக்கு வந்து உன் மூஞ்சியப் பாத்தா வாய் வர மாட்டேங்குது."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, நல்ல காது அவன் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க."

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குக் கிளம்புகிறவன் சாமான் எண்ணுவதுபோலச் சொன்னான். பொந்தின் வாசல் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கிறது. இறாலுக்கு ஒரு கொடுக்கு ஒடிந்து, திரும்பவும் சின்னதாய் வளர்ந்திருக்கிறது. அப்புறம் தயங்கித் தயங்கி அதையும் சொன்னான். முதுகுத் துடுப்பு கிழிந்த அவளுடைய பழைய மீன் இல்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் காணாமல் போயிற்று. எட்டு நாள் சுற்றுவட்டமெல்லாம் தேடினான். இப்போது நிற்பது வேறொன்று.

இத்தனை மாதமாக அவள் கண்ணை மூடினால் வந்து நின்றது இல்லாத மீன். விரல் நீள மீனுக்காகக் கடையில் உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான், தொடவா வேண்டாமா என்று தெரியாமல். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "புதுசு என்ன நிறம்?" என்று கேட்டாள்.

அதிலிருந்து தினமும் அவன் சொல்வதும் அவள் குடைவதும் வழக்கமாயிற்று. இரண்டில் எது முதலில் உள்ளே நுழைகிறது, சண்டை வருமா, மீசை வாலைத் தொடுகிறதா முதுகையா. பாதிக்கு அவனிடம் பதிலில்லை. மறுநாள் பார்த்துவந்து சொல்வான்.

மூன்றாவது வாரம் அவளே படகில் ஏறினாள். அவனும் பல் டாக்டரும் இறங்கினார்கள். அவள் விளிம்பில் சாய்ந்து கீழே பார்த்தாள். இரண்டு இடத்தில் குமிழிகள் வந்தன. சிதறலாக வந்தது டாக்டருடையது. மணல் பக்கமிருந்து நிறுத்தி நிதானமாக வந்தது அவனுடையது. அவன் மூச்சை அடக்கிப் படுத்திருக்கிறான், இந்நேரம் இறால் வெளியே வந்திருக்கும். பதினெட்டு மீட்டர், ஒரு தெருவைக் கடக்கிற தூரம்.

கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டு, அவன் குமிழிகள் மேலே வந்து உடைவதை உள்ளங்கையில் வாங்கினாள். நேரமாகிவிட்டது, கூப்பிடவா என்று படகோட்டி கேட்டார். காற்று இன்னும் பத்து நிமிஷத்துக்கு வரும், இருக்கட்டும் என்றாள்.