திறக்க மறுத்த முப்பத்தொன்பது கத்திகள்

எஞ்சின்காரரிடம் முப்பத்தொன்பது மடக்குக் கத்திகள் இருந்தன. கொம்புப் பிடி, எலும்புப் பிடி, கருங்காலிப் பிடி. பழம் உரிக்க ஒன்று, செடிக்கு ஒட்டுப் போட ஒன்று, எறும்புக்குச் சவரம் பண்ணலாம் என்கிற அளவில் குட்டியாய் ஒன்று. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ரயிலைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிஷத்தில் விட்டுவிடுவார். கத்தியைப் பற்றிக் கேட்டவர்கள் தாடி வளர்ந்துதான் வீடு திரும்பினார்கள். பேச்சு எந்த ஊரைச் சுற்றினாலும் கடைசியில் ஒரே ஸ்டேஷனில் வந்து நிற்கும்: "கத்தியோட மூட்டுக்கு மெஷின் எண்ணெய்தான். சமையல் எண்ணெய் விடறவன் கத்தி வச்சுக்கவே லாயக்கில்லாதவன்!"

அப்பேர்ப்பட்டவர் மூன்று மாதத்துக்கு முன், ஒரு மழை நாளில், மெஷின் எண்ணெய் தீர்ந்துபோயிருக்க, எதிர்ச் சாரியிலிருந்த கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, அடுப்படியிலிருந்த சூரியகாந்தி எண்ணெயை எடுத்துக் கத்திக்கு இரண்டு சொட்டு வீதம் விட்டார். ஒரே ஒரு தடவைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, துணியில் சுற்றிப் பெட்டியில் படுக்கவைத்தார். மறந்தும் போனார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தார். அன்று மாலை நான்கு மணிக்கு நூலகத்து அம்மாள் வருவதாக இருந்தது. தெருமுனை நூலகத்தின் வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மாதத்துக்கு ஒருவருடைய சேகரிப்பு அதில் ஏறும். கிளிஞ்சல் ஏறிவிட்டது, சட்டைப் பொத்தான் ஏறிவிட்டது, யாரோ ஒரு பல் டாக்டரின் அழிரப்பர்கள்கூட ஏறிவிட்டன. எஞ்சின்காரர் ஆறு வருடமாக அந்தக் கண்ணாடியில் தன் மூச்சுக்காற்றைப் பதித்துக்கொண்டிருந்தார். இப்போது போட்டியில் இரண்டே பேர்: அவரும், அவர் மனைவியின் தம்பியும். தம்பியிடம் இருந்தவை தீப்பெட்டிப் படங்கள்.

"எல்லாக் கத்தியும் விரிஞ்சு நிக்கணும் சார், மூடியிருந்தா வெறும் குச்சி மாதிரிதான் தெரியும்," என்று அந்த அம்மாள் போனில் சொல்லியிருந்தார்.

முதல் கத்தியை எடுத்து, அலகிலிருந்த சின்னக் குழியில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். அலகு வரவில்லை, நகம் வந்தது. இரண்டாவது கத்தி, இரண்டாவது நகம். பத்தாவது கத்தியின்போது பல்லால் முயன்று, பல்லையும் கொஞ்சம் யோசிக்க வைத்தார். எண்ணெய் காய்ந்து, மஞ்சள் பசையாகி, முப்பத்தொன்பது கத்திகளின் மூட்டுகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தீப்பெட்டித் தம்பி உள்ளே வந்தான்.

"என்ன அத்தான், கத்தியோட மல்யுத்தமா?"

"வந்த வேலையைப் பாருடா."

அவன் ஒரு கத்தியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். முகம் மெல்ல மலர்ந்தது. "அத்தான்... இதுல அடுப்படி வாசனை வருதே?"

"மெதுவாப் பேசு!"

"அக்கா! அக்கா! ஓடி வாயேன், உலகம் தலைகீழாப் போச்சு!"

அக்கா வந்தாள். முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். அவள் அதட்டினால் மயக்க மருந்து கொடுத்தவன்கூட எழுந்து உட்காருவான் என்று பேர்.

"பேஷண்டுக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும்..."

"ஏங்க, உண்மையைச் சொன்னாத்தான் வைத்தியம்."

"ரெண்டு சொட்டு."

"என்ன எண்ணெய்?"

"சூரியகாந்தி," என்றார் தரையைப் பார்த்து. தம்பி சிரிப்பை அடக்கப் போய்ச் சோபாவிலிருந்து நழுவினான்.

அவள் சிரிக்கவில்லை. மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்தாள். வெந்நீர், சோப்பு, பழைய பல்துலக்கி, ஊசிச் சிரிஞ்சு எல்லாம் வரிசையாக வந்தன. "எல்லாத்தையும் தண்ணியில போடவா?"

"ஐயோ வேண்டாம்மா! கொம்பும் எலும்பும் ஊறினா வளைஞ்சுரும். அதுக்கெல்லாம் மூட்டுல மட்டும் மண்ணெண்ணெய், ஒரே சொட்டு." சொல்லும்போதே எஞ்சின்காரருக்கு உயிர் திரும்பியது. அவர் சொல்ல, அவள் சிரிஞ்சால் விட்டாள். அவர் தேய்க்க, அவள் துடைத்தாள். "நீ என்ன வேடிக்கை? முடி காயவைக்கிற மெஷினைப் பிடி," என்று தம்பியையும் வேலையில் மாட்டிவிட்டாள். எதிரிக்குக் காற்றடித்துக் கொடுக்கும் கொடுமை அவன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் முதல் கத்தி 'டக்'கென்று திறந்தபோது மூன்று பேரும் கைதட்டினார்கள்.

நான்கு மணிக்கு முப்பத்தெட்டு கத்திகள் விரிந்து மின்னின. ஒரு கொம்புப் பிடி மட்டும் பாதி வாயைத் திறந்து, அதற்கு மேல் மாட்டேன் என்றது.

நூலகத்து அம்மாள் மேஜையைப் பார்த்தார். துண்டு, சிரிஞ்சு, பல்துலக்கியில் ஒட்டிய மஞ்சள் பசை, வேர்த்துப்போன மூன்று முகங்கள். "இது என்ன சார் பசை?"

பழைய அழுக்கு என்று சொல்லிவிடலாம். சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் காலையிலிருந்து மண்ணெண்ணெய் நாற்றத்தில் குனிந்திருந்தவள் பக்கத்தில் நின்றாள்.

"என் புத்திசாலித்தனம் மேடம். சமையல் எண்ணெய் விட்டேன்."

அந்த அம்மாள் பாதி திறந்த கத்தியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கத்தியை மட்டும் வச்சா பாத்துட்டுப் போயிருவாங்க. இந்தக் கத்தி, சிரிஞ்சு, பிரஷ் எல்லாத்தையும் வச்சா நின்னு பாப்பாங்க. ஆனா என்ன நடந்துச்சுன்னு உங்க கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரணும். கூச்சமா இருந்தா சொல்லுங்க, தீப்பெட்டிப் படம் தயாரா இருக்கு."

தெரு முழுக்க, எத்தனை பேருக்கு எத்தனை தடவை உபதேசம் பண்ணியிருப்பார்! அத்தனை பேரும் நூலகத்துக்கு வருகிறவர்கள். எஞ்சின்காரர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"கையெழுத்து தமிழ்ல போடவா, இங்கிலீஷ்லயா?"

எழுதினார், எழுதினார், நான்கு பக்கம் எழுதினார். அதில் மழை புயலாகியிருந்தது. எதிர்ச் சாரிக் கடை ஆற்றுக்கு அக்கரை போயிருந்தது. நூலகத்து அம்மாள் அதை மூன்று வரியாக வெட்டி ஒரு அட்டையில் ஏற்றினார். வைத்தியம் பார்த்தது யார் என்ற வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டார்.

முதல் நாளே கூட்டம். எஞ்சின்காரர் அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் சார், அந்தச் சமையல் எண்ணெய்க்காரர் நீங்கதானா?" என்று ஒருவர் கேட்டார்.

"நானேதான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"ரெண்டு சொட்டுன்னு போட்டிருக்கே?"

"அதெல்லாம் அட்டையில இடம் பத்தாம எழுதினது. ரெண்டு கரண்டி சார், முழு ரெண்டு கரண்டி!"