அடுப்படிக்குப் பதினொரு கதவுகள்

"எங்க வீட்ல எல்லாரும் ஒண்ணாதான் இருப்போம். உங்களுக்கு அது சரிப்படுமா?"

"சரிப்படுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் தனியாப் போகலாம்னா என்னால முடியாது."

"அதான் சொல்லிட்டேனே. காபி ஆறுது, குடிங்க."

பெண் பார்க்க வந்த அன்று, பாலக்கரையில் தன் வீட்டு மொட்டை மாடியில் பிரவீன்ராஜுக்கு டெல்பின் சொன்ன பதில் அவ்வளவுதான். ஒன்பது வருடங்கள் ஆகிவிட்டன. சுற்றி வளைக்காமல் அவன் கேட்ட விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று அவன் வேறு எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

புத்தூர் வீட்டில் அவளுக்கு ஒரு கொடுமையும் இல்லை. மாமியார் டோரதி நன்றாகச் சமைப்பார். அவள் ஸ்கூல் விட்டு வரும் நேரம் பார்த்து டீ போட்டு வைப்பார். ஆனால் அடுப்படி அவருடையது. அலமாரிக்குக் கதவு போட்டால் கரப்பான் வரும் என்பது அவர் கட்சி. ஒருநாள் டெல்பின் சீரக டப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தாள். சாயங்காலத்துக்குள் அது பழைய இடத்துக்குப் போயிருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

போன வருடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினார்கள். வாடகைக்கு விடத்தான் என்று வாங்கும்போதே பேச்சு. ஆனால் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து, மகள் ஆன்சியோடு மூன்று பேரும் அங்கே போய்விட வேண்டும் என்ற ஆசை டெல்பினுக்கு. கேட்க நினைக்கும்போதெல்லாம் மொட்டை மாடியில் கொடுத்த வாக்கு குறுக்கே வந்து நின்றது.

அவள் வேலை பார்க்கும் ஸ்கூல் திருவானைக்காவலில் இருந்தது. அதனால் ஃப்ளாட் வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அடுப்படி அலமாரிகளுக்கு அளவெடுக்க வந்த ஆசாரி பாலு முதலில் கேட்டதே அதைத்தான்.

"வாடகைக்கு விடற வீடா டீச்சர்?"

"ஏன் கேக்கறீங்க?"

"வாடகைக்குன்னா எங்கிட்ட மிச்சப் பலகை கொஞ்சம் கிடக்கு. மேல மைக்கா ஒட்டிக் குடுத்துடறேன். வர்றவங்க ஆணி அடிப்பாங்க, ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அவங்களுக்கு எதுக்கு நல்ல சாமான்?"

"இல்ல. நாங்கதான் வரப்போறோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பாலு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எழுதிய கணக்கை அடித்தார்.

"அப்ப மைக்கா வேணாமா?"

"பெயிண்ட் அடிக்கணும். இளம்பச்சை. தேக்குல செய்யலாமா?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. பெயிண்ட்டுக்கு அடியில தேக்கு எதுக்கு டீச்சர், பட்டுப் புடவை கட்டிட்டு மேல ரெயின்கோட் போடற மாதிரி? தேக்குல எண்ணெய் இருக்கு. வெளிர் கலர் அடிச்சா மஞ்சளாக் கசியும். வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரியும், மூட்டுல பெயிண்ட் வெடிச்சிடும்."

"பிளைவுட்?"

"உள் பெட்டிக்கு அதான். கதவுக்குப் போட்டா எத்தனை பட்டி பூசித் தேய்ச்சாலும் மர வரி லேசாத் தெரியும். எம்.டி.எஃப். போடுங்க. மரத்தூளை அழுத்திச் செய்யறது, வரியே கிடையாது, பெயிண்ட் வழவழன்னு நிக்கும். தண்ணிதான் அதுக்கு ஆகாது."

"அடுப்படியில தண்ணி படாம எப்படிங்க?"

"அதுக்கு எச்.டி.எச்.எம்.ஆர்.னு இன்னொண்ணு இருக்கு. கனமான பலகை, ஈரம் தாங்கும். நான் சொல்ல வேணாம், நீங்களே பாருங்க."

இரண்டிலும் கைப்பிடி அளவு துண்டுகளை அறுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து டெல்பின் எடுத்துப் பார்த்தாள். எம்.டி.எஃப். துண்டின் ஓரம் டீயில் நனைத்த ரஸ்க் போல உப்பியிருந்தது. நகத்தால் கிள்ளினால் வந்தது. மற்றதில் ஓரம் மட்டும் லேசாகத் தடித்திருந்தது.

சிங்க்குக்குக் கீழே இரண்டு, அரிசி களையும் பக்கம் ஒன்று, மூன்று கதவுக்கும் கனமான பலகை. மற்ற எட்டுக்கும் எம்.டி.எஃப். என்று முடிவு செய்தாள். கதவின் உள்பக்கமும் ஓரங்களும் விடாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கதவு வளைந்துவிடும் என்றார் பாலு. வாடகை வீடென்றால் அதை அவர் சொல்லியிருக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கதவுகள் மாட்டி முடிந்தன. துவாக்குடி கம்பெனியில் அரைநாள் வேலை முடித்து பிரவீன்ராஜ் பைக்கில் நேராக வந்தான்.

"வாங்க சார். உள்பக்கமும் ரெண்டு கோட் அடிச்சாச்சு. இன்னும் பத்து நாள் ஜன்னலைத் திறந்து போடுங்க, வாசம் போயிடும். ஈஸ்டருக்கு நீங்க குடி வந்துடலாம்."

பிரவீன்ராஜ் கழற்றிய ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடியே நின்றான். பாலு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனதும் மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"நாம குடி வர்றோம்னா சொல்லி வெச்சிருக்க?"

"ஆமா."

"கெட்டிக்காரிதான்! வாடகைக்குன்னா மட்டமான பலகையைத் தள்ளிவிட்டிருப்பார். எங்க கம்பெனி பர்ச்சேஸுக்கு உன்னைத்தான் போடணும்."

டெல்பின் பதிலுக்குச் சிரித்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை. அவன் சிங்க்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து மூடினான். சத்தமே இல்லாமல் மூடியது. இன்னொரு முறை திறந்தான்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கார். வர்றவங்க குடுத்து வெச்சவங்க."

"அவரை ஏமாத்தறதுக்காகச் சொல்லலைங்க."

"அப்புறம்?"

கதவைப் பிடித்தபடியே அவன் திரும்பிப் பார்த்தான். கீழே இருந்து பாலு யாரிடமோ ஒரு டீ சொல்லும் குரல் கேட்டது. அவர் ஏறி வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

"வாடகைக்கு விட வேணாங்க. நாம மூணு பேரும் இங்க வந்துடலாம்."