பூச்சித்துரையின் பொன்னிறப் பூச்சி

மலாயாவில் பிரிஞ்சாங்குக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தை விட்டு, ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரை ஓடியபோது கையோடு கொண்டுபோனது ஒரு தோல் பெட்டியையும் பெண்டாட்டியையும்தான். மற்றதையெல்லாம் பங்களாவில் சமையலும் துடைப்பும் பார்த்த அம்மாக்கண்ணுவின் தலையில் கட்டிவிட்டார். மற்றதென்றால், பியானோ, நாய், அப்புறம் கண்ணாடிப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்திருந்த செத்த பூச்சிகள். காரில் ஏறும்போதுகூட பூச்சிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார். நாயைப் பற்றி மூச்சு விடவில்லை. அது மறுநாளே தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குக் குடிவந்துவிட்டது.

பூச்சிகளிலேயே பெரிய அந்துப்பூச்சி ஒன்று தனிப் பெட்டியில் இருந்தது. துரையின் தம்பி தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு பெருங்காட்டில் பிடித்து அனுப்பியது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். நிறம் மட்டும் அடுப்புச் சாம்பல். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பூச்சி, இன்னும் யாரும் பெயர்கூட வைக்கவில்லை என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் துரை பீற்றிக்கொள்வார். பேர் வைக்காத பிள்ளையை இப்படி ஊசியில் குத்தி வைத்திருக்கிறாரே என்று அம்மாக்கண்ணு நினைத்துக்கொள்வாள்.

துரை போன மழைக்காலத்தில் அந்தப் பெட்டியின் கண்ணாடி விரிசல் விட்டு எறும்பு புகுந்தது. அம்மாக்கண்ணு சர்க்கரை டின்னுக்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள். மஞ்சள் தூளை அள்ளி ஓரமெல்லாம் போட்டாள். எறும்பு சிறகிலேயே ஏறியிருப்பதைப் பார்த்ததும் சிறகிலும் தாராளமாகத் தூவி, கோழியிறகால் நீவிவிட்டாள். ஜன்னல் வழியாக வந்த மலைப்பனியின் ஈரத்தில் மஞ்சள் அப்படியே ஒட்டிப்பிடித்துக்கொண்டது. எறும்பு போயே போய்விட்டது. சாம்பல் பூச்சியோ மஞ்சள் குளித்த புதுப்பெண்ணாக உட்கார்ந்திருந்தது. செய்த வேலை அவளுக்கே பிடித்துப்போயிற்று.

அப்புறம்தான் ஜப்பான்காரத் துரை வந்து சேர்ந்தார். நிஷிவாக்கி என்று பெயர். லயத்து நாக்கில் அது ஏறவில்லை. சண்டைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பூச்சிப் பாடம் நடத்தியவராம். தடிமனான கண்ணாடியும், இடுப்பில் நிற்காமல் காலைத் தட்டுகிற வாளுமாகப் பங்களாவுக்குள் நுழைந்தவர், அந்தப் பெட்டியைக் கண்டதும் வாளைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே அவர் பூச்சித்துரை ஆகிவிட்டார்.

"பாகூஸ்! கூனிங்! பாகூஸ்!" என்று தெரிந்த மலாயெல்லாம் கொட்டினார். நல்லது, மஞ்சள், நல்லது என்பதற்கு மேல் அவருக்கு மலாய் தெரியாது. பாக்கியை அரைகுறை இங்கிலீஷில் ஆபீஸ் கிராணி செல்லையாவிடம் சொன்னார். செல்லையா அம்மாக்கண்ணுவிடம் சொன்னார்.

"பொன்னு நிறத்துல இப்படி ஒரு பூச்சிய உலகத்துல யாரும் பாத்ததில்லையாம். இவரே முதல்ல எழுதி தோக்கியோவுக்கு அனுப்பப் போறாராம். ஜெனரல் பேரையே பூச்சிக்கு வைக்கப் போறாராம்."

அம்மாக்கண்ணு செல்லையாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "கிராணி ஐயா, அது பொன்னு இல்லீங்க. எறும்புக்கு நான் போட்ட மஞ்சத்தூளு."

செல்லையா சுற்றுமுற்றும் பார்த்தார். "வாய மூடு. சொன்னா உன் தல போகும். தெரிஞ்சும் சொல்லலன்னு அப்புறம் என் தலையும் போகும்லா."

பூச்சித்துரை ஏமாளி இல்லை. பொன்னிறத்தில் ஒரு பூச்சி வேண்டுமென்று பல வருஷமாக ஆசைப்பட்ட மனிதர், அவ்வளவுதான். கடையில் நகை பார்க்கிற பெண்ணுக்குப் பித்தளையும் மின்னும் அல்லவா?

அம்மாக்கண்ணு வாயை மூடிக்கொண்டதற்குத் தலை போகும் பயம் மட்டும் காரணமல்ல. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அடுத்த லோரியில் அவள் புருசன் வேலப்பனும் ஏற வேண்டும் என்று கங்காணி சொல்லியாகிவிட்டது. செல்லையா மெதுவாகப் பேச்சைப் போட்டதில், பூச்சியைப் பற்றிய எழுத்து நல்லபடியாக முடிந்தால் அதைக் காப்பாற்றி வைத்தவளின் புருசனைப் பங்களா வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சீட்டுக் கொடுப்பதாகப் பூச்சித்துரை தலையசைத்தார். ஆக, வேலப்பனின் உயிர் ஒரு சிட்டிகை மஞ்சளில் நின்றது.

எழுத்து தொடங்கியது. பூச்சித்துரை பெரிய கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, செல்லையா டைப் அடித்தார். மேசை துடைக்கிற சாக்கில் அம்மாக்கண்ணு அங்கேயே சுற்றினாள்.

"என்ன சொல்றாருங்க?"

"முன் சிறகு ரெண்டும் சுத்தப் பொன்னிறம். ஓரத்துல சாம்பல் கோடு. பின் சிறகு நடுவுல பிறை மாதிரி கறுப்பு. உடம்புல நீளமான மயிரு. இதெல்லாம் நெசந்தான்னு வை. இப்பக் கேளு. சிறகுத் தூளு மத்த பூச்சிக்கெல்லாம் ஓடு மாதிரி தட்டையா இருக்குமாம். இதுக்கு மட்டும் உருண்ட உருண்டையா இருக்காம். எந்தப் பூச்சிக்கும் இல்லாத அதிசயமாம்."

இடித்த மஞ்சள் பிறகு எப்படி இருக்கும்? அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பூச்சித்துரை குனிந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். செல்லையாவின் விரல் நின்றுவிட்டது.

"செத்தும் மணக்குதாம். காட்டு வேரு வாசனையாம். தென் அமெரிக்காவுல அது ஏதோ வாசனைச் செடியத் தின்னு வளந்திருக்கும்னு எழுதச் சொல்றாரு."

அம்மாக்கண்ணுவுக்கு வந்த சிரிப்பு அப்படியே நின்றது. அந்த வாசனைதானே அவள் தினமும் அவருக்குப் போடுகிற குழம்பிலும் இருக்கிறது! என்றைக்காவது ஒருநாள் பூச்சியை முகர்ந்த மூக்கு சோற்றுத் தட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டால்?

அன்று முதல் பங்களாக் குழம்பு வெளுத்தது. மீன் குழம்பு கஞ்சித் தண்ணீர் நிறத்தில் வந்தது. பூச்சித்துரை கரண்டியால் கிளறிப் பார்த்தார். "சண்ட காலம் தொரை, சாமான் இல்ல" என்று கையை விரித்தாள். மஞ்சள் மூட்டையைக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்கு அடியில் ஒளித்தாள். அதோடு விட்டாளா? பூச்சித்துரை சாயங்காலமானால் லயத்துப் பக்கம் வலை வீசிக்கொண்டு நடக்கிறவர். யார் மேலும் அந்த வாசனை அடிக்கக் கூடாது. லயத்துப் பெண்களைக் கூட்டி, லோரி வந்து போகிற வரைக்கும் ஒருத்தியும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கக் கூடாது, தாலிக்கயிற்றிலும் பூசக் கூடாது என்றாள்.

பக்கத்து வீட்டு வேலாயி பொரிந்து தள்ளினாள். அவள் புருசன் கந்தசாமிக்கும் அதே லோரிதான். "என்னாக்கா பேசுறீங்க? புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே மஞ்சளத் தொடாம முண்டச்சியாட்டம் நிக்கிறதா?"

"தொட்டா நெசமாவே அப்படி நிக்கணும்டி" என்றாள் அம்மாக்கண்ணு. சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

வேலாயி தன் வீட்டு மஞ்சளையெல்லாம் கொண்டுபோய் ஓடையில் கொட்டினாள். உன் புருசனுக்குச் சீட்டு, என் புருசனுக்கு என்ன என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்த வாரம் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்களெல்லாம் வெளிறிப்போய்த் தெரிந்தார்கள். எஸ்டேட்டில் ஏதோ சீக்கு பரவுகிறது என்று கங்காணி பயந்து தள்ளியே நின்றார்.

எழுத்து முடிந்து, படமும் வரைந்து, ஜெனரலின் பெயரும் சூட்டி, எல்லாம் தோக்கியோவுக்குப் போய்விட்டது. பூச்சியைப் பார்த்து எடுத்துப்போக ஜெனரலே வருவதாகச் சேதியும் வந்தது. சீட்டு மட்டும் வரவில்லை. லோரி வந்துவிட்டது.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலப்பன் சாக்குப் பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் அம்மாக்கண்ணு செல்லையாவையும் இழுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினாள்.

பூச்சித்துரை மேசைக்கு முன் குனிந்திருந்தார். சிறகு ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஜெனரல் வருகிற நேரத்தில் அழுக்கு இருக்கலாமா? சண்டைக் காலச் சோப்பு, தேங்காய் எண்ணெயையும் சாம்பலையும் காய்ச்சிச் செய்தது, அதைக் கரைத்துப் பஞ்சில் தொட்டுக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணு ஐயோ என்பதற்குள் பஞ்சு சிறகில் பட்டுவிட்டது.

மஞ்சள் கறை பட்ட சேலைக்குச் சோப்புப் போட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். பொன் சிறகு ரத்தமாய்ச் சிவந்தது. மேசையில் ஆரத்தித் தண்ணீர் சொட்டியது. சிவப்புக்கு அடியிலிருந்து பழைய சாம்பல் எட்டிப் பார்த்தது.

பூச்சித்துரை விரலால் மறு சிறகைத் தொட்டார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். மெல்ல ஏதோ சொன்னார்.

"எங்க அம்மா முள்ளங்கி ஊறுகாய்க்குப் போடுறதுன்னு சொல்றாரு" என்றார் செல்லையா.

அம்மாக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடப்பாவி, இது உன் அம்மா வீட்டுச் சமாச்சாரமா! இத்தனை நாள் வெள்ளைக் குழம்பு வைத்ததெல்லாம் எதற்கு? இனி தலைதான் போகும் என்று வாளைத் தேடினாள். அது நாற்காலியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

ஆனால் பூச்சித்துரையின் முகம்தான் வெளுத்துப்போயிருந்தது, அந்த மீன் குழம்பைவிட. பூச்சிக்கு ஜெனரல் பெயர். பொன்னிறம் என்று எழுத்து போய்விட்டது. ஜெனரல் வந்து பார்த்தால் இருக்கப்போவது சாம்பல். பெட்டியை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். "கூனிங்" என்றார். கெஞ்சுகிற குரல்.

அம்மாக்கண்ணுவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. இடுப்பில் கை வைத்தாள். "கிராணி ஐயா, மஞ்ச போட்டுத் தாரேன்னு சொல்லுங்க. ஆனா தனியா ஆகாது. கெழங்கு தோண்ட என் புருசன் வேணும். அவர லோரிய விட்டு எறக்கணும்."

செல்லையா சொன்னார். பூச்சித்துரை அவசரமாகச் சீட்டு எழுதினார்.

வேலாயியின் முகம் அம்மாக்கண்ணுவின் கண்ணுக்குள் வந்தது. "தோண்டுனா ஆச்சா? அவிக்க ஒரு ஆளு வேணும். கந்தசாமின்னு எழுதச் சொல்லுங்க."

எழுதினார்.

"காயவைக்க ஒரு ஆளு. தங்கையா."

பூச்சித்துரை நிமிர்ந்து பார்த்தார். எழுதினார்.

"இடிக்க ஒரு ஆளு. கருப்பையா."

எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "ஹபீஸ்" என்றார். முடிந்தது என்பதற்கும் அவருக்கு மலாய் தெரிந்துதான் இருந்தது.

செல்லையா சீட்டோடு ஓடினார். நாலு பேரும் லோரியிலிருந்து குதித்தார்கள். வேலாயி தன் புருசனைக் கண்டபடி திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேலப்பன் அம்மாக்கண்ணுவிடம் வந்து, "இந்தா புள்ள, என் சாக்குப் பை லோரியிலயே போயிருச்சு" என்றான். அவள் சிரித்தாள், அழுதாள், அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

லோரி தாப்பா போகிற பாதையில் இறங்கத் தொடங்கியது. பின்பக்கத்தில் லயத்து மணியம்மாவின் ஒரே மகன் சுப்பிரமணியம் பலகையைப் பிடித்துக்கொண்டு, இறங்கிய நாலு பேரையும் பார்த்தபடியே நின்றான். வளைவில் லோரி மறைந்தது.

அப்போதுதான் அம்மாக்கண்ணுவுக்கு உறைத்தது. வேலப்பனின் கையை உதறிவிட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் ஓடினாள்.

"சலிக்க ஒரு ஆளுன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். "இடிச்சத சலிக்கணும்ல, ஐயோ, சலிக்க ஒரு ஆளுன்னு சொல்லியிருக்கலாமே."