ஒன்றரை இன்ச் மெட்டல்

1

இந்தக் கதை ஒற்றைச் சொல்லிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திண்டிவனத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். “மெட்டல் வந்துடுச்சா?” என்று ஒருவர் கேட்டார். எனக்கு நெஞ்சு குதித்தது. பக்கத்திலிருந்தவர், “ஒன்ற இன்ச்சு வந்துக்கினு இருக்குது, முக்கா இன்ச்சு நாளைக்கு” என்றார்.

கருங்கல் ஜல்லி. ரோடு போடுகிறவர்களுக்கும் கல் உடைக்கிறவர்களுக்கும் மெட்டல் என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான். எனக்கோ அது கிட்டாரும் உறுமலுமாகக் காதைப் பிளக்கும் ஒரு மேல்நாட்டுச் சங்கீதம். டீயைக் குடித்து முடிப்பதற்குள் கதை தயாராகிவிட்டது, எழுதத்தான் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: “1988. விழுப்புரம் சந்திப்பில் மாலை ரயில் பெருமூச்சு விட்டபடி—”

(அடித்துவிட்டேன். விழுப்புரம் என்றால் ரயிலை ஓட்டியே தீரவேண்டுமா?)

இரண்டாவது: “இருண்ட உள்ளம் கொண்ட மாரியப்பன்—”

(சுத்தப் பொய். இந்த மாதிரி இசை வாசிக்கிறவர்கள் உர்ரென்று இருப்பார்கள் என்று யார் சொன்னது? மாரியப்பன் பரோட்டாவைக் கண்டால் முகம் மலர்கிறவர்.)

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன். மாரியப்பன் விழுப்புரத்து இன்னிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தார். கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு. பாண்டிக்குப் பக்கத்தில் இரும்பை என்ற ஊரில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கொடுத்த கேசட்டைக் கேட்டதிலிருந்து அவருக்கு வரவேற்புகள் கசந்துவிட்டன. அதில் பாடியவர் பாடவே இல்லை, உறுமினார். கிட்டார் அறுத்தது. மாரியப்பன் அதைத் தேயத் தேயக் கேட்டுவிட்டு, தானே ஐந்து பாட்டுக் கட்டினார். கிழிந்த ஸ்பீக்கரில் கிட்டாரைச் செருகினால் அதே சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு ஜாங்கிரி வாங்கிப் போனார்.

பாடுவதற்குக் கோதண்டபாணி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கரகரத்துப்போன தொண்டை. (இவரை நான் இன்னும் முழுக்க நம்பவில்லை. கதைக்கு ரொம்பவும் தோதாக இருக்கிறார். மாற்றலாம் என்று பார்த்தேன், அதற்குள் உறும ஆரம்பித்துவிட்டார்.)

* பக்கத்தின் அடியில் போட வேண்டியதை இங்கேயே போடுகிறேன்: அந்த ஐந்தில் சிறந்த பாட்டு ‘கம்பளிப்பூச்சி’. மல்லாட்டைக் கொல்லைக்குள், அதாவது நிலக்கடலை வயலுக்குள், சிவப்புக் கம்பளிப்பூச்சி படையெடுத்து வந்து இலை, தண்டு, வரப்பு, மனுசன் என்று வரிசையாகத் தின்னும். வெளிநாட்டுக்காரர்கள் சாத்தானை வைத்துப் பயம் காட்டுகிறார்கள். நம்மூரில் சாத்தானுக்கு யார் பயப்படுகிறார்கள்?

3

மாரியப்பனுக்கு வேண்டியது புகழ் அல்ல. ஐந்து பாட்டையும் யாராவது எழுந்து போகாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கண்டமங்கலத்தில் ஒரு வரவேற்பில் நைசாக இரண்டாவது பாட்டை எடுத்தபோது மணப்பெண்ணின் மாமா வந்து மெயினையே பிடுங்கிவிட்டார். ஒரே ஒரு கச்சேரி சொந்தமாக நடத்திப் பார்ப்பது, அதிலும் எழுந்து போனார்கள் என்றால் கிட்டாரைக் கொடுத்துவிட்டு மாமனாரின் எண்ணெய் மில்லுக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று.

கேசட் வெளியீட்டோடு கச்சேரி, திண்டிவனத்தில் ஒரு சத்திரத்தில். சுவரில் ஒட்டிய நோட்டீஸ் இது: “புது மெட்டல் ரிலீஸ். ஞாயிறு மாலை. அனைவரும் வருக. அனுமதி இலவசம்.”

எழுதியவர் கோதண்டபாணி. (நான் சொன்னேன் அல்லவா, ரொம்பத் தோது என்று.)

4

கூட்டம் வந்தது. சத்திரம் நிறைந்தது. ஆண்களும் பெண்களும், முடியெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி. ஒரு பாட்டு முடிந்தது, யாரும் எழவில்லை. இரண்டு, மூன்று, எழவில்லை. கம்பளிப்பூச்சி மனுசனைத் தின்று முடித்தது. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குத் தன் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

அப்போது மண்ணாங்கட்டி என்ற நடுவயதுக்காரர் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார்.

“மெட்டல எப்ப சார் ரிலீஸ் பண்ணுவீங்க?”

கோதண்டபாணி கேசட்டைத் தூக்கிக் காட்டினார். மண்ணாங்கட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுடைய குவாரியில் அனுமதிச் சிக்கலில் உடைத்த ஜல்லி அப்படியே முடங்கிக் கிடந்தது. கல் உடைக்கும் கிரஷர் ஓடவில்லை, வேலை இல்லை. மெட்டல் ரிலீஸ் ஆகிறது, அனுமதியும் இலவசம் என்று படிக்கத் தெரிந்த யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். பேசப்போகிற அதிகாரிக்காக, பாட்டு முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

“சும்மா இருங்க. இன்னும் ஒரு பாட்டுதான்” என்று கோதண்டபாணி மாரியப்பனின் காதோடு சொன்னார். உண்மைதான். வாயைத் திறக்காமல் இருந்தால் ஐந்தும் முடிந்துவிடும்.

மாரியப்பன் மைக்கைப் பிடித்தார். மெட்டல் என்பது இந்தப் பாட்டுக்குப் பெயர் என்றும், ஜல்லியைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றும், யாரும் பேச வரப்போவதில்லை என்றும் சொல்லி, மன்னிக்கச் சொன்னார்.

5

இந்த இடத்தில் என் பேனா பலநாள் நின்றது.

முடிவு அ: எல்லாரும் எழுந்து போகிறார்கள். (சோகம் விலைபோகும். எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: மறுநாளே குவாரி திறந்துவிடு— (எழுதும்போதே கை கூசுகிறது.)

முடிவு இ: ஒருவர் சிரிக்கிறார், பிறகு எல்லாரும் சிரிக்கிறார்கள். இது நடந்தது, ஆனால் முடிவு அல்ல. சிரித்து ஓய்ந்ததும் சிலர் செருப்பைத் தேடினார்கள். கடைசி வரிசையிலிருந்து சின்னபொண்ணு எழுந்தார். கிரஷர் மிஷினுக்கே கல் போடுகிறவர்.

“காது செத்துப்போச்சிங்க எனக்கு. கோயில்ல பாட்டு போட்டா கொசு கத்தற மாதிரிதான் இருக்கும். எத்தினி வருசமாச்சோ ஒரு பாட்டு கேட்டு. இது கேட்டுச்சி. மீதியும் போடுங்க.”

செருப்பைத் தேடியவர்கள் நின்றார்கள். மாரியப்பனுக்குக் கண் கலங்கியதை நான் மறைக்கப்போவதில்லை.

குவாரி திறந்ததா, கிட்டார் எண்ணெய் மில்லுக்குத் தோற்றதா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மிச்சப் பக்கம் உங்களுக்குத்தான். என்னால் இந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. ஐந்தாவது பாட்டுக்கு மாரியப்பன் கம்பியை முறுக்குகிறார், சின்னபொண்ணு நாற்காலியைத் தரதரவென்று முன்னால் இழுத்துக்கொண்டு வந்து கிழிந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டு உட்காருகிறார்.